ஷேர் ஃபோல்டரில் ஒரு கோப்பு: ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்று பெயர் எடுத்துவிட்ட நண்பர்களுக்கு,



உங்கள் நிறுவனத்தில் ஐடி துறை என்று தனியாக ஒன்று இருந்தால் இந்த மடலை அவர்களிடம் தள்ளிவிடலாம். இல்லாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவிலோ ஸ்டோர்ஸிலோ வேலைக்குச் சேர்ந்தவர். எக்செல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த பாவத்துக்கு, பிரிண்டர் மக்கர் செய்தாலும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எக்செல் ஷீட்டுகள் கைமீறிப் போனபோது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு டேட்டாபேஸ் போட்டீர்கள். ஆர்டர், சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் முகவரி என்று ஒவ்வொன்றாக அதில் வந்து சேர்ந்தன. அடுத்த மேசைக்காரர் தனக்கும் வேண்டும் என்றார். ஷேர் ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தீர்கள். இன்று எட்டுப் பத்துப் பேர் காலை முதல் மாலை வரை அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அது நின்றால் பில் போகாது, லாரி கிளம்பாது.

இதைக் குறை சொல்ல வரவில்லை. ஆக்சஸ் 1992-ல் வெளிவந்தது. முப்பது வருடம் தாண்டியும் சிறு அலுவலகங்களை விட்டு அது போகாததற்குக் காரணம் உண்டு. வேலை தெரிந்தவரே தன் வேலைக்கான மென்பொருளைச் செய்துகொள்ள அது இடம் கொடுத்தது. நீங்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் ஒருவருக்காகச் செய்ததைப் பத்துப் பேர் பயன்படுத்தும்போது, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஷேர் ஃபோல்டரில் இருக்கும் ஆக்சஸ் கோப்பை யாரால் பயன்படுத்த முடியுமோ, அவரால் அதை முழுசாக நகலெடுக்கவும் முடியும். ஆக்சஸுக்குள் போடும் எந்தப் பூட்டும் இதை மாற்றாது. இதை ஒப்புக்கொண்டு ஏற்பாடு செய்தால் செய்வதெல்லாம் உருப்படியாக இருக்கும். மறந்துவிட்டுச் செய்தால், எத்தனை பாஸ்வேர்ட் போட்டாலும் நம் மனத் திருப்திக்குத்தான்.

ஏன் அப்படி? ஆக்சஸில் சர்வர் என்று எதுவும் இல்லை. கோப்பு இருக்கும் கணினியை எல்லோரும் ‘சர்வர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்; ஆனால் அது கோப்பை வைத்திருப்பதோடு சரி. தேடுவது, கூட்டுவது, எழுதுவது எல்லாமே அவரவர் கணினியில் ஓடும் ஆக்சஸின் வேலை. அது நெட்வொர்க் வழியாகப் போய்க் கோப்பை 4 கேபி துண்டு துண்டாக எடுத்து வந்து படிக்கிறது, திருத்தி அங்கேயே எழுதுகிறது. ரேஷன் கடையில் கார்டை நீட்டினால், உள்ளே நிற்பவர் பார்த்து, நமக்கு உள்ளதை மட்டும் அளந்து போடுவார். ஆக்சஸில் அந்தக் கவுண்ட்டரே கிடையாது. ஆளுக்கொரு கிடங்குச் சாவி. அவரவர் உள்ளே போய், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவருவார் என்ற நம்பிக்கை. ஸ்டோர்ஸ்காரர் ஒரு போல்ட்டின் இருப்பைப் பார்க்க வேண்டுமானாலும் முழுக் கோப்பையும் படிக்கவும் எழுதவும் அவருக்கு விண்டோஸ் அனுமதி கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு, அதே கோப்பை அவர் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் ஆக்சஸுக்குத் தெரியவே தெரியாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒன்று செய்யுங்கள். எல்லோரும் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்த ஃபோல்டரைத் திறங்கள். உங்கள் ஏசிசிடிபி கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில், எல்ஏசிசிடிபி என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். முதல் ஆள் திறந்ததும் முளைத்து, கடைசி ஆள் மூடியதும் மறையும் லாக் கோப்பு அது. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். உள்ளே திறந்தவர் ஒவ்வொருவருக்கும் 64 பைட் ஒதுக்கியிருக்கும்: முதல் 32-ல் கணினியின் பெயர், அடுத்த 32-ல் ஆளின் பெயர். கணினிப் பெயர்கள் வேறு வேறாக இருக்கும். ஆளின் பெயர் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘அட்மின்’ என்றே இருக்கும். ஸ்டோர்ஸ் ஆளும் அட்மின், கணக்காளரும் அட்மின், போன வாரம் சேர்ந்த பையனும் அட்மின். எந்த மேசையிலிருந்து வருகிறார்கள் என்பது ஆக்சஸுக்குத் தெரியும். யார் வருகிறார்கள் என்று தெரியாது.

பழைய எம்டிபி கோப்புகளில் பயனர், குழு, உரிமை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்கென எம்டிடபிள்யூ என்ற தனிக் கோப்பு. ஆக்சஸ் 2007-ல் ஏசிசிடிபி வடிவம் வந்தபோது அந்த ஏற்பாடு புதிய வடிவத்தில் சேர்க்கப்படவில்லை. அந்த இடத்தை நிரப்ப நாம் நாமாகச் சிலவற்றைச் செய்துகொண்டோம். திறந்ததும் ஒரு லாகின் ஃபார்ம். டேபிள்கள் கண்ணில் படாதபடி இடப்பக்கப் பட்டியலை மறைத்து வைப்பது. பெயரும் பாஸ்வேர்டும் ஒரு டேபிளில்.

திறக்கும்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் இவ்வளவும் காணாமல் போகும். லாகின் ஃபார்ம் வராது, மறைத்த பட்டியல் தெரியும். அந்த ஷிஃப்டையும் புரோகிராமில் தடுக்கலாம் என்பீர்கள். தடுக்கலாம். ஆனால் காலியான புது ஆக்சஸ் கோப்பு ஒன்றைத் தொடங்கி, உங்கள் டேபிள்களை அதில் இம்போர்ட் செய்துகொள்வதை எது தடுக்கும்? இதைவிட மோசம், அந்தப் பாஸ்வேர்ட் டேபிள். நம் ஆட்கள் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைப்பார்கள். கோப்பு வெளியே போனால், பத்துப் பேருடைய ஈமெயில் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியது போல ஆகும். அந்த டேபிளை எடுத்துவிடுங்கள். யார் விண்டோஸில் லாகின் செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்ற மெனுவைக் காட்டினால் போதும். மறைப்பதும் மெனுவும் கைதவறுதலைத் தடுக்க நல்லவை. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அப்படியானால் உண்மையான வாசற்கதவு எது? விண்டோஸ் ஃபோல்டர் அனுமதி. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் திறந்தே கிடப்பதும் அதுதான். ‘ஷேர் ஆகவில்லை’ என்று யாரோ சொல்ல, பாஸ்வேர்ட் கேட்பதை அணைத்து, ‘எவ்ரிஒன்’, ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்று டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்றைக்கு வேலை நடந்தது. இன்றைக்கு வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த விருந்தாளியின் லேப்டாப்பிலும் உங்கள் சம்பளப் பட்டியல் திறக்கும்.

இதைச் சரிசெய்ய டொமைனும் பெரிய சர்வரும் வேண்டாம். விண்டோஸ் புரோ உள்ள ஒரு கணினி போதும். ஒரே நேரத்தில் 20 இணைப்புவரை அது ஏற்கும். அதில் ஆளுக்கொரு பெயரில் கணக்கு உண்டாக்குங்கள். ஒரே கணக்கை நான்கு பேர் பங்குபோடக் கூடாது. டேட்டாபேஸ் பயன்படுத்துவோரை ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு மட்டும் ஃபோல்டரைத் திறந்துவிடுங்கள். அனுமதி இரண்டு அடுக்கு: ஷேரிங் என்ற பகுதியில் ஒன்று, செக்யூரிட்டி என்ற பகுதியில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கறாரானதோ அதுவே செல்லும். ‘மாடிஃபை’ அளவு போதும். அதற்குக் குறைத்தால் லாக் கோப்பை உண்டாக்கவும் அழிக்கவும் முடியாமல் ஆக்சஸ் தடுமாறும். ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்தால், நீங்கள் போட்ட அனுமதிகளையே அவர் மாற்றியமைக்கலாம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்று மாலையே முடக்குங்கள். பிரிவுபசாரம் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் சரி.

சமீபத்தில் உங்களில் பலர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். புதுக் கணினி வாங்கி விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்ததும், அதுவரை திறந்த ஷேர் ஃபோல்டர் திறக்க மறுக்கிறது. அந்தப் பதிப்பிலிருந்து புரோ கணினிகளிலும் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் இணைப்பை விண்டோஸ் தானாக ஏற்பதில்லை. யூடியூபில் தேடினால், ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றிப் பழையபடி ஆக்கும் வித்தையைச் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விண்டோஸ் உங்களிடம் கேட்பது நியாயமான கேள்வி: வருகிறவர் யார்? ஆளுக்கொரு கணக்கு என்பதுதான் அதற்குப் பதில்.

அதேபோல, பழைய கணினி ஒன்றுக்காக எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையை யாராவது திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள்.

இனி கோப்பைப் பற்றி. ஒரே கோப்பில் டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் இருக்க, பத்துப் பேரும் அதையே இரட்டைக் கிளிக் செய்து திறக்கிறார்கள் என்றால் முதலில் அதைப் பிரியுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியில் அதற்கென்றே ஒரு விஸார்ட் இருக்கிறது. டேபிள்கள் மட்டும் உள்ள பேக்எண்ட், ஷேர் ஃபோல்டரில். ஃபார்மும் ரிப்போர்ட்டும் குவெரியும் உள்ள ஃப்ரன்ட்எண்ட், ஆளுக்கொரு நகலாக அவரவர் கணினியில். ஷேர் ஃபோல்டரில் ஒரே ஃப்ரன்ட்எண்டை வைத்துவிட்டு எல்லோருக்கும் ஷார்ட்கட் கொடுப்பது பிரித்ததாகாது. கோப்பு கெடுவதற்கு அதுவே வழி. பேக்எண்டை இணைக்கும்போது இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் என்று எழுத்தை நம்பாமல், சர்வர் பெயரில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள். ஃப்ரன்ட்எண்டை ஏசிசிடிஇ கோப்பாக மாற்றிக் கொடுத்தால் ஃபார்மையோ புரோகிராமையோ யாரும் தோண்டித் திருத்த முடியாது. மாற்றும் முன் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஏசிசிடிஇ-யிலிருந்து திரும்பி வர வழியில்லை. பதிவு போடுவதும் ரிப்போர்ட் எடுப்பதும் மட்டுமே வேலை என்றால் அந்தக் கணினிகளுக்கு ஆக்சஸ் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆக்சஸ் ரன்டைம் போதும்.

பிரித்த பிறகு முக்கியமான கேள்விக்கு வருவோம். பேக்எண்டை நகலெடுக்க முடியும் என்றால், அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலான அலுவலகங்களில் எல்லாமே ஒன்றாகக் கிடக்கும். போல்ட் இருப்பும், தொழிலாளியின் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும், முதலாளி யாருக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுக்கிறார் என்பதும். ஒரு ஃப்ரன்ட்எண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்எண்டுகளோடு இணையலாம். ஆகவே சம்பளத்துக்குத் தனி பேக்எண்ட், தனி ஃபோல்டர், அதைத் தொடும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. இதற்கு ஒரு விலை உண்டு. இரு கோப்புகளில் இருக்கும் டேபிள்களுக்கு இடையே, ஒன்றில் இல்லாத எண் மற்றதில் ஏறாதபடி ஆக்சஸ் காவல் காக்காது. அதை நீங்கள்தான் ஃபார்மில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விலையைக் கொடுக்கலாம். அதோடு, சேமித்தே ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். கேட் பாஸ் போடும் ஃபார்முக்கு ஓட்டுநரின் ஆதார் எண் எதற்கு? பழகிப்போனதால் கேட்கிறோம். சேமிக்காத தகவலை யாரும் திருட முடியாது.

பார்க்க மட்டும் வேண்டியவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. மார்க்கெட்டிங்காரருக்கு இருப்புக் கணக்கு, மேனேஜருக்கு நேற்றைய உற்பத்தி. அவர்களையும் பேக்எண்டுக்குள் விடாதீர்கள். காலையில் ஒரு ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக்கி வேறொரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பத்தில் நான்கு பேர் இதிலேயே கழிந்துவிடுவார்கள்.

பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் எதற்கென்று தெரிந்து போடுங்கள். ஏசிசிடிபி கோப்புக்கு வைக்கும் பாஸ்வேர்ட் கோப்பையே குறியாக்கம் செய்கிறது. ஆக்சஸ் 2010 முதல் அந்தக் குறியாக்கம் வலுவானது. நகல் வைத்த ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் தொலைந்தால் அது உங்களைக் காப்பாற்றும். ஆனால் உள்ளே வேலை பார்ப்பவரிடமிருந்து காப்பாற்றாது. பேக்எண்டின் பாஸ்வேர்ட், ஃப்ரன்ட்எண்டின் மறைவான சிஸ்டம் டேபிள் ஒன்றில் இணைப்பு விவரத்தோடு எழுத்தாகவே கிடக்கும். தேடத் தெரிந்தவர் படித்துவிடுவார். பழைய எம்டிபி கோப்பின் பாஸ்வேர்டோ கணக்கிலேயே சேராது. நொடியில் அதைப் பிடுங்கித் தரும் புரோகிராம்கள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. இன்னும் எம்டிபியில் இருந்தால் மாறிவிடுங்கள்.

பாதுகாப்பு என்றால் திருட்டு மட்டும் இல்லை. ஆக்சஸ் கோப்புக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி கரண்ட் கட். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் பாதி எழுதிய நிலையில் கோப்பு நிற்கும். அடுத்த முறை திறக்கும்போது ‘அடையாளம் தெரியாத வடிவம்’ என்று ஆக்சஸ் கைவிரிக்கும். ‘எல்லாக் கணினிக்கும் யூபிஎஸ் இருக்கிறதே’ என்பீர்கள். கணினிகளை விடுங்கள், சுவரோரம் பச்சை விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். அது எந்தப் பிளக்கில் முடிகிறது? பல இடங்களில் அது சாதா கரண்டில் இருக்கும். கரண்ட் போனதும் கணினிகள் எல்லாம் உயிரோடு இருக்க, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் செத்துப்போகும். பத்துப் பேரும் ஒரே நொடியில் அறுந்துவிழுவார்கள். அந்த ஒரு பிளக்கை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுவதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

அதே காரணத்தால் குடோனிலிருந்து வைஃபையில் பேக்எண்டைத் திறக்க வேண்டாம், கேபிள் இழுங்கள். கிளை அலுவலகத்திலிருந்து விபிஎன் வழியாக நேரே திறப்பதும் வேண்டாம். ஒன்ட்ரைவ், டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் ஃபோல்டர்களில் பேக்எண்டை வைக்கவே கூடாது. அவை கோப்பை மொத்தமாக ஏற்றி இறக்குபவை. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் கோப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். எது சரி என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது.

ஒரே பதிவை இருவர் திருத்தும்போது வரும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ‘ரைட் கான்ஃப்ளிக்ட்’ என்று தலைப்பு. கீழே மூன்று பட்டன். அவசரத்தில் எல்லோரும் முதல் பட்டனைத் தட்டுவார்கள். அது ‘சேவ் ரெக்கார்ட்’. அதைத் தட்டினால் மற்றவர் சற்றுமுன் போட்ட திருத்தத்தின் மேல் உங்களுடையது ஏறிவிடும். அவருக்குத் தகவல்கூடப் போகாது. இருப்புக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று மாதக் கடைசியில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருப்பைத் தொடும் ஃபார்ம்களில் ரெக்கார்ட் லாக்ஸ் என்ற அமைப்பை ‘எடிட்டட் ரெக்கார்ட்’ என்று மாற்றுங்கள். ஒருவர் திருத்தும்போது மற்றவர் காத்திருப்பார்.

நகல் எடுப்பதைப் பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை. மூன்று விஷயம் மட்டும். எல்லோரும் மூடிய பிறகு எடுங்கள். ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் உள்ளே உடைந்திருக்கலாம். ஒரு நகல் கணினியோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருநாள் ஒரு நகலை வேறு கணினியில் திறந்து, கடைசிப் பில் எண் சரியா என்று பாருங்கள். அதே நாளில், நகல் எடுத்த பின், கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள். ஆக்சஸ் கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. அழித்த பதிவுகளின் இடம் கம்பாக்ட் செய்யும்வரை திரும்பக் கிடைக்காது.

சட்டமும் இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது; 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு ரூ. 250 கோடி. உங்கள் பட்டறைக்கு அவ்வளவு போடப் போவதில்லை. ஆனால் ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’ என்பதை நியாயமான ஏற்பாடு என்று யாரிடமும் வாதாட முடியாது. இன்னொன்று: கம்பெனியாகப் பதிவானவர்கள் கணக்குப் புத்தகத்தை மென்பொருளில் எழுதினால், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும், அணைக்க முடியாத தடம் அதில் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. ஆக்சஸில் அது தானாக வராது. 2010 பதிப்பிலிருந்து டேட்டா மேக்ரோ கொண்டு மாற்றங்களைத் தனி டேபிளில் பதிய வைக்கலாம். ஆனால் எல்லோரும் அட்மினாக இருக்கும் கோப்பில் அந்த டேபிளையும் திருத்த எல்லோருக்கும் முடியும். கணக்கு எழுதுவதை அதற்கென்ற மென்பொருளில் விட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஆக்சஸ் பேக்எண்ட் தாங்காத ஒரு கட்டம் வரும். கிளைகளிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருக்கிறது. ஒரே டேபிளில் ஒருவர் பார்க்கலாம், மற்றவர் பார்க்கக் கூடாது என்றாகிறது. யார் எதை மாற்றினார்கள் என்று தணிக்கையாளர் கேட்கிறார். கோப்பு 1 ஜிபியைத் தாண்டுகிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் கவுண்ட்டர் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அதற்காக நீங்கள் செய்த ஃபார்ம்களையும் ரிப்போர்ட்டுகளையும் தூக்கி எறிய வேண்டாம். கவுண்ட்டர் என்று நான் சொல்வது டேட்டாபேஸ் சர்வரை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம். 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்பு வரை, ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம். ஆக்சஸ் டேபிள்களை அதற்கு மாற்றித் தரும் மைக்ரேஷன் அசிஸ்டன்டும் இலவசம். டேபிள்கள் அங்கே போகும். ஃப்ரன்ட்எண்ட் உங்களுடையதே, ஓடிபிசி என்ற இணைப்பு முறை வழியாக இணையும். மெதுவாக ஓடும் சில குவெரிகளைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? கோப்பு யார் கைக்கும் எட்டாது. ஸ்டோர்ஸ்காரர் இருப்பைக் கேட்டால் இருப்பு மட்டும் வரும். சம்பள டேபிளைப் பார்க்கும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுக்கலாம். பதிவு போடும் உரிமையைக் கொடுத்துவிட்டு அழிக்கும் உரிமையைக் கொடுக்காமல் இருக்கலாம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நகல் எடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாற்றும் அவசரத்தில் ‘எஸ்ஏ’ என்ற தலைமைக் கணக்கையும் அதன் பாஸ்வேர்டையும் எல்லோருடைய ஃப்ரன்ட்எண்டிலும் எழுதிவைத்துவிடுகிறார்கள். செலவு செய்து சர்வர் போட்டும் எல்லோரும் மறுபடி அட்மின்தான். ஆளுக்கொரு லாகின் கொடுக்கத் தயார் என்றால் மட்டும் மாறுங்கள். அந்த சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்தும் விடாதீர்கள்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு உங்கள் முதலாளியிடம் கொடுங்கள். அவருக்கு இரண்டு வார்த்தை. ஐயா, உங்கள் வியாபாரத்தின் மூளை யாரோ ஒருவரின் மேசைக் கணினியில், அவர் சாப்பாட்டு வேளையில் ஷட்டவுன் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறது. யாருடைய மேசையும் அல்லாத ஒரு கணினி, அதற்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ், மாற்றி மாற்றிச் செருக இரண்டு ஹார்ட் டிஸ்க்: கேட்பது இவ்வளவுதான். கூடவே, இதையெல்லாம் பார்த்துக்கொள்பவருக்கு அது வேலைநேரத்தின் பகுதி என்று ஒப்புக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளும் செய்முறையும் அவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் விடுப்பில் போகும் நாள் உங்களுக்கும் விடுப்புதான். எழுதி வாங்கி, உறையில் போட்டு, உங்கள் பெட்டியில் வையுங்கள்.

நண்பர்களே, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் ‘எவ்ரிஒன்’ என்ற பெயரை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்விட்சின் பிளக்கை மாற்றுங்கள். அடுத்த வாரம் கோப்பைப் பிரியுங்கள். மாதம் முடிவதற்குள் சம்பளத்தைத் தனியாக்கி, ஒரு நகலைத் திறந்து சோதித்துவிடுங்கள். அதன் பிறகு உட்கார்ந்து, இதில் இருக்கும் எந்தத் தகவல் நகலாகி வெளியே போனால் நம்மால் தாங்க முடியாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் ஆக்சஸிலேயே நிம்மதியாக இருக்கலாம். ஒரு வரி இருந்தாலும், சர்வர் வேண்டும் என்று கேட்க அந்த வரியே உங்களுக்குக் காரணம். அதைக் காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பிரிண்டருக்கும் கூப்பிடப்படும் ஒருவன்